பொத்தை போன இடம்

உங்கள் ஊரில் நேற்று வரை நின்ற மலை இன்று காலையில் நின்ற இடத்தில் இல்லையென்றால் முதலில் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? எங்களுக்கும் தெரியவில்லை. நொச்சியூத்தில் அன்றைக்கு முதலில் எழுந்து வாசல் தெளிக்க வந்தவள் நான்தான். வாளியோடு நின்று மேற்கே பார்த்தால் பொத்தையைக் காணோம். எங்கள் பக்கம் சின்ன மலையைப் பொத்தை என்போம். அது நின்ற இடத்தில் வானம் தரை வரைக்கும் இறங்கியிருந்தது, அதற்கும் அந்தாண்டை ஒருநாளும் நாங்கள் பார்த்திராத ஏதோ ஊரின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, தொட்டியில் எழுதியிருந்த கட்சிக்காரர் பெயரைக்கூட எழுத்துக் கூட்டி வாசிக்க முடிந்தது. உள்ளே பிள்ளை அழுததால் வாசலைத் தெளித்து, ஒரு கோலத்தை இழுத்துவிட்டுப் போய்விட்டேன். எனக்கு அப்புறம் எழுந்தவர்களும் அவரவர் வாளியோடு வந்து, பார்த்து, தெளித்து, உள்ளே போனார்கள். வெயில் ஏறிய பிறகுதான் ஒருத்தர் பஞ்சாயத்து கிளார்க்குக்குப் போன் போட்டார். மலை எங்கள் கணக்கில் வராது, வனத்துறையைக் கேளுங்கள் என்றார் அவர். அது கனிமத்துறை குத்தகைக்கு விட்ட மலை என்றார்கள் வனத்துறையில். கனிமத்துறையில் இன்றைக்கு லீவு என்றார்கள்.

முந்தின நாள் மத்தியானம்தான் என் வீட்டுக்காரரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருந்தது. பெயர் நல்லமாடன், கிணற்று மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். ஊரில் உள்ள கிணறுகளுக்குள் எல்லாம் இறங்கி ஏறுகிறவர் என்பதால், பொத்தையில் வெடி வைக்க வைக்கக் கிணற்றுச் சுவர் விரிவதையும் ஊற்று உள்ளே இழுத்துக்கொள்வதையும் மற்றவர்களுக்கு முன்னால் பார்த்துவிட்டார். பார்த்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்கு வராது. கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தார், கல் லாரிக்கு முன்னால் ஆட்களோடு உட்கார்ந்தார், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேஸ் வந்தது. லாரியை மறித்தார், ஆட்களைத் தூண்டினார், அதிகாரியைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார் என்றெல்லாம். மிரட்டியதாகச் சொன்ன தேதியில் அவர் காய்ச்சலில் கஞ்சி குடித்துக்கொண்டு வீட்டில் கிடந்தார், அந்தக் கஞ்சியை நான்தான் வைத்தேன், ஆனால் கஞ்சியைக் கோர்ட்டில் சாட்சிக்குக் கூப்பிட மாட்டார்கள்.

குவாரி நடத்துகிறவர் எங்கள் ஊர் மருமகன், பூரணக்காவின் வீட்டுக்காரர். அதனால் ஊரே அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். மாப்பிள்ளை லாரி மதிலை இடித்தால் "பாத்துப் போங்க மாப்பிள்ளை" என்பார்கள், மாப்பிள்ளை வைத்த வெடியில் ஓடு உடைந்தால் இன்னொரு ஓடு மாட்டிக்கொள்வார்கள், பெண் கொடுத்த ஊர் அதற்கு மேல் என்ன பேசும். பூரணக்கா பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே, மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் என்னைத் தனக்கு முன்னால் விடுகிறவள். பொத்தை உச்சியில் இருக்கிற சாஸ்தா எங்கள் எல்லாருக்கும் குலசாமி, அவளுக்கும் பிறந்த வீட்டுச் சாமி. கட்டிக்கொடுத்துவிட்டால் பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாமிதான் சாமி என்பது வழக்கம். ஆனாலும் பங்குனி உத்திரத்துக்கு அவள் மட்டும் தனியாக ஏறி வந்து பொங்கல் விட்டுப் போவாள், வெடி வைக்கிற இடத்தில் பொம்பளைக்கு என்ன வேலை என்று மாப்பிள்ளை தடுக்கும் வரைக்கும்.

போலீஸ் வந்தபோது என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். சும்மா ஒரு விசாரணை, சாயங்காலம் அனுப்பிவிடுவோம் என்றார்கள். அப்படிச் சொன்னால் துணிமணி எடுத்து வைக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். நான் ஒரு லுங்கியையும் சட்டையையும் மடித்துக்கொண்டிருக்க, எங்களோடே இருக்கிற அவருடைய அக்கா பிச்சம்மாள் மதினி தம்பி நெற்றியில் பூசத் திருநீற்றுச் சம்படத்தைத் திறந்தார்கள். சம்படம் காலி. எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே கோயிலுக்கு ஏறும் படி தொடங்குவதால் மதினி ஓடிப்போய் முதல் படியோரம் ஒரு பிடி மண்ணை அள்ளி வந்து, துணியில் முடிந்து, தம்பி சட்டைப் பையில் திணித்து, "சாஸ்தாவே, இவன் எங்க இருக்கானோ அங்க நீயும் வந்து இரு" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த அவசரத்தில் அது என்ன பேச்சு என்று யாருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள், பொத்தையைக் காணாத அன்றைக்கே, பால் வண்டிக்காரர் டவுனிலிருந்து வந்து, ஜில்லா ஜெயிலுக்குப் பின்னால் புதிதாக ஒரு மலை நிற்கிறது, உச்சியில் கோயில் இருக்கிறது, அடிவாரத்தில் உங்கள் ஊர் ஆடு இரண்டு மேய்கிறது என்றார். அப்போதுதான் எல்லாரும் மதினியைத் திரும்பிப் பார்த்தார்கள். குடும்பத்தோடு வெளியூர் போய்த் தங்குகிறவர்கள் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். பிடிமண் என்போம். எடுக்கும்போது இன்ன இடத்துக்கு வந்து இரு என்று சொல்லித்தான் எடுக்க வேண்டும், வழியில் எங்கேயும் கீழே வைக்கக் கூடாது, வைத்த இடத்தில் சாமி இறங்கிவிடும். ஜெயில் வாசலில் சட்டைப் பையைச் சோதித்தவர்கள் முடிச்சைப் பிடுங்கி அலமாரியில் வைத்திருக்கிறார்கள், சாமியும் இறங்கிவிட்டது. சாமி மட்டும் போயிருக்கலாமே, பொத்தை எதற்குப் போனது என்று சிலர் கேட்டார்கள். இருக்கிற வீட்டைத்தான் வெடி வைத்து இடித்தாகிவிட்டதே, மிச்சத்தையும் விட்டுவிட்டுப் போக அது என்ன கிறுக்கா என்றார்கள் மதினி.

அதன்பிறகு ஊரில் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு நல்லதா கெட்டதா என்று குழப்பம் வரும், எங்களுக்கும் வந்தது. முன்னால் எங்கள் ஊரில் சாயங்காலம் சீக்கிரமே வந்துவிடும், பொத்தை நிழல் தெருவைத் தாண்டினால் ஆடு திரும்பும், கோழி அடையும், நாங்கள் விளக்கேற்றுவோம். இப்போது சூரியன் கிளம்ப மனசில்லாத விருந்தாளி மாதிரி மேற்கே உட்கார்ந்துகொண்டே இருந்தது. கோழிகள் கூட்டைச் சுற்றி நின்று யோசித்தன, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வீட்டுக்கு வர மறுத்தார்கள், பகல் நீண்டதால் கூலி வேலையும் நீண்டது, கூலி நீளவில்லை. மேல்காற்றைத் தடுக்க ஆள் இல்லாமல் கொடியில் போட்ட சேலைகள் அடுத்த ஊரில் போய் விழுந்தன, அந்த ஊர்க்காரர்கள் மடித்து வைத்திருந்து பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்கள். கிணறுகள் ஒவ்வொன்றாக அடிமண்ணைக் காட்டின. ஆனால் வெடிச் சத்தம் இல்லை, கல் தூசி இல்லை. பிறந்ததிலிருந்து கோழிக்குஞ்சு மாதிரி கீச்சுக் கீச்சென்று மூச்சு விட்ட என் மகள் சுடர் முதல் தடவையாக வாயை மூடித் தூங்கினாள், அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன், சத்தமே இல்லை. சந்தோஷப்படவா என்று கேட்க அவர் வீட்டில் இல்லை.

மாப்பிள்ளை குத்தகைப் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெட்டவெளியில் நடந்தார். சர்வே எண் இருந்தது, நான்கு எல்லைக் கல்லும் இருந்தது, நடுவில் மலைதான் இல்லை. பெரியவர்கள் போய், மோர் குடியுங்கள் மாப்பிள்ளை என்றார்கள். குடித்துவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போய், நல்லமாடன் மலையைத் திருடிவிட்டான் என்று எழுதிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டரும் பதிந்துகொண்டார், அரசுக்குச் சொந்தமான மலை ஒன்றைக் கடத்தியது என்று. முந்தின கேஸ்களில் எல்லாம் பொய்ச் சாட்சி தேட வேண்டியிருந்தது, இதற்கு அந்தச் சிரமம் இல்லை, ஜெயிலுக்குப் பின்னால் போனால் எல்லாரும் பார்க்கலாம்.

எங்களுக்காக வாதாடிய ஜெபராணி மேடம் நல்ல வக்கீல், பீஸைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னவர். ஜெயிலுக்குள் இருக்கிற மனுஷன் வெளியே இருக்கிற மலையை எப்படித் தூக்குவான் என்று கேட்டுப் பார்த்தார். தூக்கிப்போன விதம் விசாரணையில் தெரியவரும், மலை திரும்புகிற வரைக்கும் ஆளை விடக்கூடாது என்றார் அரசு வக்கீல். நீதிபதி ஜன்னல் வழியாகப் பொத்தையைப் பார்த்தார், கோர்ட்டிலிருந்து அதன் வெட்டுண்ட பக்கம் நன்றாகத் தெரியும். வெகுநேரம் பார்த்துவிட்டு ஜாமீன் இல்லை என்றார்.

வெட்டுண்ட பக்கத்தைச் சொன்னேன் அல்லவா, அதுதான் டவுன்காரர்களுக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது. பொத்தை ஜெயிலுக்கு முழு முதுகையும் ரோட்டுக்குக் காயத்தையும் காட்டி நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாரும் பாதி தின்ற பழம் மாதிரி இருந்த அந்த மலையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தங்கள் வீட்டுக் கருங்கல் தரையையும் பார்த்தார்கள். சிலர் பாய் விரித்து மறைத்தார்கள் என்று கேள்வி. ஜெயிலுக்குள்ளே நிலைமை வேறு. மத்தியானத்துக்கு மேல் தகரக் கொட்டடிகளில் நிழல் விழுந்தது, மதில் மேல் மயில் வந்தது, பொத்தைச் சுனை ஜெயில் சமையல்கட்டுக் கிணற்றில் ஊறியதால் சாம்பாருக்கு ருசி வந்துவிட்டது. விடுதலையான கைதி ஒருத்தர் இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாராம்.

மனுப் போட்டு என் வீட்டுக்காரரைப் பார்க்கப் போனால் இந்தப் பக்கம் ஒரு கம்பிவலை, அந்தப் பக்கம் ஒரு கம்பிவலை, நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவதால் பக்கத்து வீட்டுச் சண்டையும் எதிர்வீட்டுக் கல்யாணப் பேச்சும் நம் காதில் விழும், நம் ஆள் சொல்வது விழாது. சுடரைத் தூக்கிக் காட்டினேன். மூச்சு எப்படி இருக்கிறது என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டிக் கேட்டார், நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்து, உடனே வாடியது. அப்புறம் வலையில் வாயை வைத்து, மாப்பிள்ளை ஆள் அனுப்பியிருந்தார் என்று கத்தினார். பொத்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, இனிமேல் குவாரிப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் எல்லா கேஸையும் வாபஸ் வாங்குவாராம்.

"நான் ஊருக்கு வந்தா முடிச்சும் கூட வரும், பொத்தையும் வரும், மறுநாளே வெடி வைப்பான்" என்றார். "இங்க ஜெயில் மதிலுக்குப் பக்கத்துல வெடி வைக்கச் சட்டத்துல இடமில்லையாம். நான் உள்ள இருக்கிறவரைக்கும் அதுக்கு ஒரு சேதாரமும் இல்ல, மொழி."

என் முழுப் பெயர் குழல்வாய்மொழி. அவர் மொழி என்றால் அடுத்து எனக்குப் பிடிக்காதது எதையோ சொல்லப்போகிறார் என்று அர்த்தம். அவர் சொல்லவில்லை, மணி அடித்துவிட்டது.

பங்குனி உத்திரம் வந்தது. சென்னையிலும் பம்பாயிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் எல்லாம் நொச்சியூத்துக்கு வந்து இறங்கி, சாமியைக் காணாமல், வேன் பிடித்து ஜெயிலுக்குப் போனார்கள். ஜெயில் மதிலை ஒட்டி வரிசையாகப் பொங்கல் பானைகள், மதில் மேலே துப்பாக்கியோடு நின்ற வார்டருக்குப் புகையில் கண் எரிந்தது. ஜெயிலர் முதலில் கலைந்து போகச் சொன்னார், அப்புறம் மேலிடத்தைக் கேட்டார், மேலிடம் மலை இருக்கிறதா இல்லையா என்று எழுத்தில் கேட்டது, அதற்குள் பொங்கல் பொங்கிவிட்டது. உள்ளேயிருந்து கைதிகள் குலவை போடத் தெரியாமல் விசில் அடித்தார்கள். பூரணக்காவும் வந்திருந்தாள். வெட்டுண்ட பக்கத்தில் முக்காடு போட்டு ஓரமாக நின்று, கையெடுத்துக் கும்பிடாமல், காயத்தை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சுடர் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். சாயங்காலம் என்றால் சூரியன் இன்னும் உட்கார்ந்துதான் இருந்தது. சுற்றி வளைத்து, மழை பற்றியும் வெண்டை விலை பற்றியும் பேசி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்கள். தூசி போய்விட்டது, தண்ணீர் லாரியில் வருகிறது, சாமிக்கும் அங்கே ஒரு குறையும் இல்லை, பொத்தை உயிரோடு இருக்கிறது. நல்லமாடனும் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லாமல் நிழலில் இருக்கிறான். அதனால் ஜாமீன், அப்பீல் என்று அலையாமல் கொஞ்ச காலம் இப்படியே போகட்டுமே என்றார்கள். உனக்கும் பிள்ளைக்கும் வேண்டியதை ஊர் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். வந்தவர்களில் யாருமே கெட்டவர்கள் இல்லை, அதுதான் எனக்குத் தலை சுற்றியது. அவர்கள் சொன்னதும் சரி, என் வீட்டுக்காரர் சொன்னதும் சரி, பிள்ளையின் நெஞ்சும் சரி, கிணற்றின் அடிமண்ணும் சரி. எல்லாச் சரியையும் கூட்டினால் ஒரு மனுஷன் கம்பிவலைக்குப் பின்னால் கிழவனாகிக்கொண்டிருந்தான், எனக்குக் கட்டிவைத்த மனுஷன்.

மதினிதான் காப்பித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்கள்: "ஊர்ல இருக்க ஒவ்வொருத்தரா முறை வச்சு உள்ள போய் இருந்துட்டு வாங்களேன். அந்தப் பொத்தை யாரு கூடயும் இருக்கும். எந்தம்பிதான் இருக்கணும்னு அதுக்கு ஆசையா என்ன." பெரியவர்கள் செருப்பைத் தேடினார்கள்.

மதினி குத்தலுக்குச் சொன்னதுதான். எனக்கு அது ராத்திரி பூரா பாத்திரத்துக்குள் கரண்டி மாதிரி இடித்தது. பொத்தை அவர் பின்னால் போகவில்லை, முடிச்சின் பின்னால்தான் போனது. முடிச்சோ ஜெயில் அலமாரியில் இருக்கிறது. கைதி கையெழுத்துப் போட்டால் அவருடைய சாமானை வீட்டாள் வாங்கிக்கொள்ளலாம்.

மறுநாள் ஜெபராணி மேடத்திடம் போய், காணாமல் போன பொருள் திருடியதாகச் சொன்ன ஆளிடம் இல்லாமல் வேறு இடத்தில் இருந்தால் கேஸ் என்ன ஆகும் என்று கேட்டேன். எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றார். புகார் கொடுத்தவர் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தால், என்று கேட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றினார்.

"எனக்குக் குழப்பமா இருக்கும்மா" என்றார். "ஆனா அவங்களுக்கு என்னைவிடக் குழப்பமா இருக்கும்."

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரிடம் கையெழுத்துப் போடச் சொல்லிக் கத்தினேன். எங்கே கொண்டுபோகப் போகிறாய் என்று கேட்டார். அத்தனை பேர் காதிலும் விழும்படி அதைக் கத்தவா முடியும். "முதல்ல போடுங்க" என்றேன். நான் அடுப்பில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் சாப்பிட உட்காரச் சொல்கிற நாளில் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். பிறகு போட்டார்.

வார்டர் முடிச்சை அலமாரியிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார். அவ்வளவுதான், இனி கீழே வைக்க முடியாது. இடது இடுப்பில் சுடர், வலது கையில் பொத்தை. பஸ்ஸில் ஏறக் கம்பியைப் பிடிக்கக் கை இல்லை, பின்னால் வந்த ஒரு அம்மா முதுகில் கை கொடுத்துத் தள்ளி ஏற்றினார்கள். லக்கேஜ் உண்டா என்று கேட்டார் கண்டக்டர். ஒரு பிள்ளையும் ஒரு பிடி மண்ணும் என்றேன். பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம் என்றார், மண்ணைப் பற்றி யோசித்துவிட்டுப் போய்விட்டார். சுடர் பாலுக்கு அழுதாள், ஒரு கையாலேயே கொடுத்தேன். உள்ளங்கை வியர்த்து முடிச்சு நனைந்தது. ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன், பொத்தை ஜெயிலுக்குப் பின்னால் அதே இடத்தில், ஆனால் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பத் தயாராக நிற்கிறவள் மாதிரி நின்றது.

மாப்பிள்ளை தன் வீட்டை நொச்சியூத்துக்குள் கட்டவில்லை. வெடிச் சத்தமும் தூசியும் எட்டாத தூரத்தில், ஊருக்குப் பாதை பிரிந்து பஸ் நிற்கிற விலக்கில், ஊருக்குக் கிழக்கே கட்டியிருந்தார். பின்னால் பெரிய தரிசு. அங்கே பொத்தை நின்றால் எங்கள் ஊரில் சாயங்காலம் நீளமாகத்தான் இருக்கும், விடிவதுதான் தாமதமாகும், ஆகட்டும், பழகிக்கொள்வோம். ஆடு நடந்து போகிற தூரம்தான். சுனையும் வாய்க்காலைத் தேடிக்கொண்டு வந்துவிடும். தன் வீட்டு ஜன்னல் கண்ணாடிக்குப் பக்கத்தில் எந்த மனுஷன் வெடி வைப்பான்.

மாப்பிள்ளை கோர்ட்டுக்குப் போயிருந்தார். பூரணக்காதான் கதவைத் திறந்தாள். கூடத்துத் தரை முழுக்கக் கருங்கல் பலகை, முகம் தெரியும் அளவு பளபளப்பு, அதில் கால் வைக்க எனக்குக் கூசியது, வாசல்படியிலேயே நின்றேன். அவளும் அந்தக் கல்லில் நிற்காமல் ஓரத்தில் விரித்திருந்த பாயில்தான் நின்றாள். என் வலது கையைப் பார்த்தாள். எங்கள் ஊரில் பிறந்தவளுக்கு அந்த முடிச்சு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. எங்கே கீழே வைத்தால் என்ன நடக்கும், யார் வெளியே வருவார், யாருக்குக் கோபம் வரும், எல்லாவற்றையும் சொன்னேன். எடுக்கிற பிடிமண்ணை ஏமாற்றி வைக்கக் கூடாது, வாங்குகிறவர் தெரிந்து இரண்டு கையாலும் வாங்க வேண்டும். அவள் மனசில்லை என்றால் அடுத்த பஸ்ஸில் எங்கே போவேன் என்று எனக்குத் தெரியாது, அதையும் சொன்னேன்.

பூரணக்கா தரிசைத் திரும்பிப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள்.

"அவிய வந்து கேட்டா நான் என்னட்டி சொல்ல?" என்றாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றைக்கு வரைக்கும் என்னால் சொல்ல முடியாது, முகத்தைச் சேலைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்துக்கொண்டாள். அதற்குள் சுடர் திமிறி என் இடுப்பிலிருந்து வழுக்கினாள்.

"பிள்ளையை இங்க குடு முதல்ல, கை விட்டுப் போவுது பாரு" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

"பிள்ளையை நான் வச்சுக்கிடுதேன்க்கா" என்றேன். "நீங்க இதை வாங்கிக்கோங்க."